கடற்கரைக்கு மருந்தடித்த கதை

மண்டோர் காளியப்பன் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, “வரிசை! வரிசை!” என்று கத்தினார்.

கடல் அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற, அவர் தினமும் வேலை வாங்கும் ஆட்கள் சட்டை செய்தார்கள். முதுகில் மருந்துப் பம்பு, மூக்கைச் சுற்றித் துண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் நிற்பதுபோலவே, ஒருவருக்கொருவர் இரண்டு கை இடைவெளி விட்டு மணலில் நின்றார்கள். காளியப்பன் விசில் ஊதியதும் எல்லாக் குழாய்களும் ஒன்றாகச் சீறின. நீலமும் பச்சையும் கலந்த அந்த மருந்தின் வாடை, உப்புக் காற்றோடு சேர்ந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் கொஞ்சம் தள்ளி ஒரு சவுக்கு மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி அப்படித்தான் நிற்க வேண்டும். வேலைக்கும் நிழலுக்கும் நடுவில், நிழல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து.

டீ கொடுத்தது பாக்கியம் அக்கா. சவுக்கு மரத்தை ஒட்டி நின்ற தகரக் கூரைக் கடை அவருடையது. “தம்பி, நல்லா அடிக்கச் சொல்லு லா. ஒரு எல பாக்கி இருக்கக் கூடாது” என்றார். அந்தக் கடையைக் காப்பாற்றத்தான் இத்தனை ஏற்பாடும்.

போன வாரம் இந்தப் பத்தியில் தோட்டத்துக் கால்பந்துக் குழுவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசியில் கூப்பிட்டார். “எல்லா வாரமும் நீங்கதான் நல்லவரா வர்றீங்க. ஒங்க தோட்டத்துல கெட்டவனே கெடையாதா சார்?” என்றார்.

இருந்தான் ஐயா. டீ குடித்துக்கொண்டு நின்றான். இந்த வாரம் அவனைப் பற்றி.

காலண்டரில் வராத கடல்

எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஜெராம் பக்கத்துக் கடற்கரை, மோட்டார் சைக்கிளில் ஒரு சிகரெட் தூரம்.

காலண்டரில் அச்சடிக்கிற கடல் இல்லை அது. தண்ணீர் பால் அதிகமாகிப்போன டீயின் நிறம். அலை இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கும் மலாய்க்காரப் பெண்கள். கெட்டுப்போன முட்டையும் உப்பும் கலந்த ஒரு வாசனை. மணல் என்று சொல்லிக்கொள்ள, கரையோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடு இருந்தது. அவ்வளவுதான். மேட்டின்மேல் சவுக்கு மரங்கள். மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே, மேடு முழுக்கப் படர்ந்த ஆட்டுக்கால் கொடி.

இலை ஆட்டுக் குளம்புபோல இரண்டாகப் பிளந்திருக்கும். ஊதாப் பூ பூக்கும். பழைய இலக்கியத்தில் இதற்கு அடும்பு என்று பெயர். ஆறாம் படிவத்தில் அடும்பின் அழகைப் பற்றி நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை ஆசிரியர் வகுப்பில் வாசித்தே காட்டினார். அதே கொடி என் காலில் சிக்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அடித்திருப்பேன். படிப்பு வேறு, பரீட்சை வேறு.

பாக்கியம் அக்காவின் புருஷன் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் போய்ச் சேர்ந்த சமயம் பார்த்து, தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். வேலையில் பேர் இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை. ஒரே வருஷத்தில் புருஷன், வேலை, வீடு மூன்றும் போயின.

அக்கா உட்கார்ந்து அழவில்லை. கடற்கரையில் நாலு கம்பு நட்டுக் கடை போட்டார். கடைக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதுதான் படுக்கையறை, சாமியறை, குளிக்கும் இடம் எல்லாம். அவர் போட்ட இறால் வடையில் முழு இறால் மீசையோடு உட்கார்ந்திருக்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் வரிசையில் நின்று வாங்கினார்கள், எல்லாரும் திட்டும் வாங்கினார்கள்.

“கையக் கழுவிட்டு வாடா. வடைக்கே ஒன்னப் பாத்தா வெக்கமா இருக்கு.”

இதை ஒரு முறை ஒரு போலீஸ்காரரிடம் சொன்னார். தமிழில்தான். போலீஸ்காரர் புரிந்துகொண்டு போய்க் கையைக் கழுவினார்.

அம்மன் எதையும் விட்டுப்போகவில்லை

வருஷா வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் தோட்டத்து அம்மன் லோரி ஏறிக் கடலுக்கு வருவாள்.

மேட்டு நிலத் தோட்டத்து அம்மனுக்குக் கடலில் என்ன வேலை என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். “அந்தக் காலத்துல தொர ஒரு நாளைக்கு லோரி குடுத்தாரு. ஆத்தாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணுமில்ல?” என்றார். இதைவிடத் தெளிவான தல புராணத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அம்மன் முழங்கால் தண்ணீரில் முங்கி எழுந்து, மஞ்சள் பூசி, மறுபடி லோரி ஏறிவிடுவாள். அவள் கரையில் எதையும் விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது நாங்கள். வாழை இலை, சிவப்பு பிளாஸ்டிக் பை, சிரப் தண்ணீர் குடித்த கப், கற்பூர டப்பா, தேங்காய் மூடி, நசுங்கிய மாலை, உடைந்த பாட்டில். பிறகு ஒற்றைச் செருப்புகள். ஒவ்வொரு வருஷமும் யார் ஒற்றைக் காலோடு வீடு போனார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

திருவிழா நாளில் அக்காவுக்கு நல்ல வியாபாரம். காப்புக் கட்டியிருக்கும்போது கவுச்சி கூடாது என்பது தோட்டத்துக்குள் சட்டம். கடற்கரை தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவைத்திருந்தோம். அன்று அக்கா பொரித்த இறால் வடையில் நான் தின்றவை போக, பூசாரியும் ஒரு பொட்டலம் வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருஷம் திருவிழா முடிந்த மறுவாரம் மாவட்டத்திலிருந்து ஓர் ஆபீஸர் வந்தார். இளைஞர், மலாய்க்காரர், மிகவும் மரியாதையாகப் பேசினார். மாவட்டத்துக் கடற்கரைகளுக்குள் சுத்தப் போட்டி நடக்கப்போகிறதாம். இந்தக் கரை இப்படியே இருந்தால் அடுத்த வருஷ ஊர்வலத்துக்கு அனுமதி சந்தேகம், இந்தக் கடையையும் எடுக்க வேண்டி வரும், கடையால்தானே குப்பை என்றார்.

அவர் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நான் வடைய வாழ எலயில குடுக்கிறேன். ஆடு தின்னுட்டுப் போயிடுது. இந்த பிளாஸ்டிக் யாரு போட்டது? ஆத்தாவா போட்டா?”

“இல்லக்கா.”

“ஒங்க ஊர்வலம் போட்ட குப்பைக்கு என் வூட்டத் தூக்கணுங்கிறான். என் வாசல்ல நின்னுகிட்டே சொல்றான். நான் எங்க தம்பி போவேன்? கடல் தண்ணியிலயா படுப்பேன்?”

“நான் பாத்துக்கிறேன்க்கா” என்றேன்.

அந்த நாளில் நான் எல்லாவற்றுக்கும் செயலாளர். இளைஞர் மன்றம், கோயில் கமிட்டி, கால்பந்துக் குழு, தீபாவளிக் கலை நிகழ்ச்சி. கையெழுத்து அழகாக இருந்ததைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு நினைவில்லை.

கோத்தோங் ரோயோங்

ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்று அறிவித்தேன். கூட்டாகச் சேர்ந்து சம்பளம் இல்லாமல் செய்யும் வேலைக்கு அதுதான் பெயர். லோரி நிறைய ஆள் வந்தது. சாப்பாடு உண்டு என்று சொல்லியிருந்தோம்.

முதலில் நான் பேசினேன். பிறகு கோயில் தலைவர் பேசினார். பிறகு வெயில் வந்தது. வெயில் வந்ததும் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் பிரித்தார்கள். அதன் பிறகு கொஞ்ச நேரம் வேலையும் நடந்தது.

குப்பை கையில் வரவில்லை. கொடியின் பின்னலுக்குள் பிளாஸ்டிக் பைகள் வலையில் மாட்டிய மீன்போலச் சிக்கிக் கிடந்தன. ஒரு பையை இழுத்தால் கொடியும் வந்தது, மணலும் வந்தது, சிவப்பு எறும்பும் வந்தது. கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர் எதையோ பிடித்து இழுத்துவிட்டு, “பாம்பு! பாம்பு!” என்று அலறினான். கூட்டம் முழுவதும் லோரியில் ஏறிக்கொண்டது. பாம்பு பழைய சைக்கிள் டியூப்.

மறுபடி யாரும் இறங்கவில்லை. லோரி புறப்பட்டுப் போனதும் நானும் அக்காவும் கரையைப் பார்த்தோம். திருவிழாக் குப்பை அப்படியே இருந்தது. அதன்மேல் புதிதாக நாசி லெமாக் இலையும் காகிதமும்.

“இன்னொரு ஞாயித்துக்கெழம இந்த மாதிரி சுத்தம் பண்ணுனா, என் கட குப்பைக்குள்ளயே மறைஞ்சிடும். ஆபீஸர் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான்” என்றார் அக்கா.

அப்போதுதான், லோரியில் போகாமல் எங்களோடு நின்றுவிட்ட மண்டோர் காளியப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

“செடியக் கொன்னுட்டா குப்பைக்கு ஒளிய எடம் ஏது கிராணியாரே?”

எங்கள் மூன்று பேருக்கும் அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. ஏன் பட்டது என்று சொல்ல வேண்டும்.

சுத்தம் என்றால்

என் அம்மா புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தவர். அந்தக் காலத்துப் பால்மரக் காட்டில், மரத்தடியில் ஒரு புல் நின்றாலும் மண்டோர் அன்றைய கூலியிலிருந்து பேரை வெட்டுவார். துரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு நடந்து வருவார். காலுறையில் ஒரு புல்விதை ஒட்டியிருந்தால் அன்று அந்தக் கூட்டத்துக்கே வசவு. லயத்து வாசலிலும் அப்படித்தான். பெண்கள் காலையில் எழுந்ததும் மண் பளபளக்கும் வரை கூட்டுவார்கள். புல் இருந்தால் பாம்பு வரும், கொசு வரும், துரை வருவார்.

பச்சை தெரிந்தால் அழுக்கு. மண் தெரிந்தால் சுத்தம். மூன்று தலைமுறையாக எங்கள் கண் அப்படிப் பழகியிருந்தது. பிற்பாடு லாலான் புல்லை ஒழிக்க மருந்து வந்தபோது, தெய்வமே பாட்டிலில் வந்ததுபோல வரவேற்றோம்.

ஒரு மலாய்க்காரரையோ சீனரையோ கடற்கரையைச் சுத்தம் செய்யச் சொன்னால் குப்பையைப் பொறுக்குவார். செடியைக் கொல்லும் யோசனை தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும்தான் வரும். நாங்கள் கடற்கரைக்குக் களை எடுத்தோம்.

துரையிடம் போய் ஸ்டோரிலிருந்து மருந்து வேண்டும் என்றேன். அவர் இப்போது நம்ம ஊர்த் துரை, காலுறை கறுப்பு. “போட்டியில ஜெயிக்குமா?” என்று மட்டும் கேட்டார். ஜெயிக்கும் என்றேன். சாவியை நீட்டினார்.

இப்படித்தான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை வந்தது. காளியப்பன் விசில் ஊதினார், குழாய்கள் சீறின, நான் டீ குடித்தேன். கரையின் வடக்குக் கோடிக்குப் போகுமுன் மருந்து தீர்ந்துவிட்டது. “போதும் விடுங்க. ஆபீஸர் அவ்வளவு தூரம் நடக்க மாட்டாரு” என்றார் காளியப்பன். ஆபீஸர்களைப் பற்றி அவர் சொன்னது எப்போதும் சரியாகவே இருந்தது.

சில நாளில் கொடி காய்ந்து கயிறானது. வாரிக் கொளுத்தினோம். அதோடு பிளாஸ்டிக்கும் எரிந்து, அந்தக் கரும்புகை கடலுக்கு மேல் போய் யாருக்கோ மேகமானது. பிறகு முள்வாரியால் இழுத்து மணலைச் சமன் செய்தோம். கோயில் பிராகாரம் தோற்றது. கோடு கோடாக, வெறிச்சென்று, ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல் பளபளத்தது.

ஆபீஸர் வந்து பார்த்துக் கை குலுக்கினார். எங்கள் கரைக்குத்தான் பரிசு. பரிசு என்னவென்றால், மூடி போட்ட ஒரு பெரிய பச்சைக் குப்பைத் தொட்டி. புதிதாக இருக்கிறதே, அதில் போய்க் குப்பையைப் போடுவானேன் என்று கோயிலுக்குக் கொண்டுபோய், நீர்மோர் கரைக்க வைத்துக்கொண்டோம்.

கடை நின்றது. அன்று அக்கா எனக்குத் தட்டு நிறைய இறால் வடை வைத்தார். “சாப்பிடு தம்பி. ஒங்க அம்மா ஒன்னப் படிக்க வச்சது வீண் போவல” என்றார்.

நறநற

முதல் புகார் வடையில் வந்தது.

“தம்பி, காத்து அடிச்சா எண்ணச் சட்டியில மண்ணு விழுவுது. வட நறநறங்குது. நேத்து ஒரு சீனன் பல்லப் புடிச்சிக்கிட்டுப் போனான்.”

“காத்து காலம்க்கா.”

“போன வருஷமும் காத்து இருந்திச்சே. இப்ப என்ன புதுக் காத்து?”

 பதில் தெரியாத கிராணி செய்வதைச் செய்தேன். கடையைச் சுற்றி ஒரு தார்ப்பாய் கட்டிக்கொடுத்தேன்.

தீபாவளியை ஒட்டி மழை பிடித்துக்கொண்டது. அமாவாசைப் பக்கத்துப் பெரிய கடல் ஏற்றமும், சுமத்ரா பக்கமிருந்து வந்த காற்றும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன. நான் காலையில் ஆள் பேர் எடுக்கும் பெரட்டு முடித்து ஆபீசில் உட்கார்ந்தபோது காளியப்பன் நனைந்துகொண்டு வந்தார். “கிராணியாரே, அக்கா கட” என்றார். 

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேட்டைக் காணோம். கேக்கைக் கத்தியால் வெட்டி எடுத்ததுபோல மணல் செங்குத்தாக அறுபட்டிருந்தது. சவுக்கு மரம் வேரோடு சாய்ந்து, தலையைக் கடலுக்குள் முக்கிக்கொண்டு கிடந்தது. தகரக் கூரை அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு பாயும், சாமிப் படத்தின் சட்டமும், அக்காவின் சேலைகளும்.

அக்கா ரோட்டோரத்தில் நின்றார். ஒரு கையில் எண்ணெய்ச் சட்டி, ஒரு கையில் கரண்டி. ஓடும்போது கையில் இருந்தவை. உடம்பில் ஒரு காயமும் இல்லை. என்னைப் பார்த்ததும், “எல்லாம் போச்சு தம்பி” என்றார். சொல்லிவிட்டு, அலை இன்னும் எதையாவது கேட்பதுபோலக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வடக்கே பார்த்தேன். மருந்து தீர்ந்துபோன இடத்திலிருந்து ஆட்டுக்கால் கொடி பச்சைப் பசேல் என்று கிடந்தது. அங்கே மேடு அப்படியே இருந்தது. அதே கடல், அதே காற்று, அதே அலை. நாங்கள் அடித்த இடம் போயிருந்தது, அடிக்காத இடம் நின்றது. கோடு போட்டதுபோல.

காளியப்பனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் குனிந்து, “நாம அந்தப் பக்கம் பாக்கல, கிராணியாரே” என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஒரு சொல்

அக்கா பக்கத்துத் தோட்டத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். லயத்தில் ஏற்கெனவே காலை நீட்ட இடமில்லாத வீடு.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலுக்கு வந்தார். பூசை முடிந்ததும் பூசாரி முன்னால் நின்று, “சாமி, நான் என்ன குத்தம் செஞ்சேன்?” என்று கேட்டார். வாயாடிப் பெண். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

பூசாரி கண்ணை மூடினார். அவருக்குக் கண்ணை மூடினால் எல்லாம் தெரியும்.

“ஆத்தா குளிக்க வந்த எடத்துல, காப்புக் கட்டுன நாள்ல, கவுச்சி பொரிச்சியா இல்லியா?”

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

கூட்டம் ‘ஆமாமா’ என்றது. அந்த வடையைத் தின்ற வாய்கள்தான் அத்தனையும். யாரோ என்னைப் பார்த்து, “செயலாளர் என்ன சொல்றீங்க? படிச்சவரு” என்றார்கள்.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மனுக்கும் வடைக்கும் சம்பந்தமில்லை, நானும் மண்டோரும் மேட்டைப் பிடித்து வைத்திருந்த வேரைக் கொன்றோம், கடல் மிச்சத்தைச் செய்தது என்று மூன்று வாக்கியம். என் பரிசு, என் பேர், துரையின் ஸ்டோர், காளியப்பனின் வேலை எல்லாம் கண்முன்னால் வந்தன. அக்கா மட்டும் வரவில்லை. அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“இருக்கலாம்” என்றேன்.

என் வாழ்க்கையில் பல பொய் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இதைப்போல ஒரு பொய் சொன்னதில்லை. இதில் பொய் என்று பிடிக்க ஒரு எழுத்துகூட இல்லை.

தார்ப்பாய்க்குப் பின்னால்

அக்கா எங்கள் தோட்டத்து முச்சந்தியில் ஒரு சின்னக் கடை போட்டார். இறாலைக் கையால் தொடுவதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டார். வெறும் பருப்பு வடைதான். முச்சந்தியில் பருப்பு வடை விற்றவர்கள் ஏற்கெனவே பலர். வியாபாரம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் தினமும் போய் வாங்கித் தின்றேன். பாவத்துக்கு அது பரிகாரம் என்று நினைத்தேனோ என்னவோ. வடை நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

கோயிலுக்கு வந்தால் செருப்பு விடும் இடத்திலேயே நின்றுவிடுவார். கடல் பக்கமே போகவில்லை.

அடுத்த சித்ரா பௌர்ணமி போனது, நான் ஊர்வலத்தில் மும்முரமாக இருந்தேன். அதற்கடுத்த ஊர்வலத்தின்போது லோரியின் பின்புறம் நின்று வந்தேன். முச்சந்தி நெருங்கியது. மேளச் சத்தம் கேட்டதும் அக்கா அடுப்பை விட்டு எழுந்தார். நெருப்பை அணைக்கவில்லை. கடைக்குப் பின்னால் தொங்கிய தார்ப்பாயைத் தூக்கி அதற்குள் போனார். அம்மன் கடந்து போகும் வரை அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு கால்கள் அசையாமல் நின்றன.

போலீஸ்காரரைக் கை கழுவ வைத்த பெண், தன் அம்மன் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் போனேன். கடையில் வேறு யாருமில்லை.

“என்ன, மூஞ்ச தேவாங்கு மாதிரி வச்சிருக்க?”

“அக்கா, ஒன்னு சொல்லணும்.”

“சொல்லு. வட எடுத்துக்க. ஆறிடும்.”

சொன்னேன். கொடி, வேர், மருந்து, வடக்குக் கோடியில் நின்ற மேடு. பூசாரி கேட்டது, நான் சொன்னது. அக்கா வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு திருப்பவில்லை. சட்டியில் வடை கருகும் வாசனை வந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

“அப்ப ஆத்தாவுக்கு எம்மேல கோவம் இல்லியா?”

“இல்லக்கா.”

“எறா வடைக்காக இல்லியா?”

“இல்லக்கா. நான் அடிச்ச மருந்து.”

“நானும்தான அடிக்கச் சொன்னேன்.”

“ஒங்களுக்குத் தெரியாம சொன்னீங்க.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“கட போன அன்னிக்கே.”

அக்கா அடுப்பை அணைத்தார். சட்டியை இறக்கினார். கருகிய வடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். 

“வண்டிய எடு” என்றார்.

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார். என் தோளைப் பிடிக்கவில்லை, சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் செம்பனை. 

கடல் ஏற்றத்தில் இருந்தது. கடை நின்ற இடத்தில் தண்ணீர்தான். கரையில் நேற்றைய ஊர்வலத்துக் குப்பை கிடந்தது. அக்கா அதற்கு நடுவே கால் வைத்து நடந்து, கணுக்கால் தண்ணீரில் நின்று, கை கூப்பினார்.

“ஆத்தா, ஒன்னத் தப்பா நெனச்சுப்புட்டேன். எங்கடையத் தின்னுட்டியேன்னு ஒன்ன வைஞ்சிருக்கேன். மனசுக்குள்ள காறித் துப்பியிருக்கேன். நீ ஒன்னும் பண்ணல. பொறுத்துக்க ஆத்தா.”

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவருக்குப் பின்னால் உலர்ந்த மணலில் நின்றான். கேட்டது அவர்.

“அக்கா, நான்...”

“நீ பேசாத.”

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் நின்றார்.

“ஏறுங்கக்கா. கொண்டுபோய் விடுறேன்.”

“பஸ்ல போவேன்.”

“பஸ் வர நேரமாகும்.”

“எனக்கென்ன அவசரம்? நீ அவசரப்பட்டியா?”

 வெயில் ஏறியது. அவர் என் பக்கம் திரும்பவில்லை, போகச் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் நின்றோம்.

பஸ் வந்தது. பாதிக் காலியாக இருந்தது. அக்கா ஏறி, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அந்த ரோட்டில் பஸ்ஸிலிருந்து கடல் தெரியாது. தென்னையும் செம்பனையும் மறைத்துவிடும். ஆனாலும் அவர் கடல் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார்.